மூலக்கோப்பு வராத கொடை

2025 மார்ச்சில் லாத்வியாவின் 'ஃப்ளோ' சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதை வென்றதிலிருந்து, கட்டற்ற மென்பொருள் பற்றிப் பேச்சு எழும் இடமெல்லாம் அந்தப் படத்தின் பெயரும் வந்துவிடுகிறது. படம் பிளெண்டர் என்ற கட்டற்ற மென்பொருளில் செய்யப்பட்டது. ஆகவே கட்டற்ற கருவிகளால் முடியாது என்று சாக்குச் சொல்ல இனி எந்தக் கலைஞருக்கும் வழியில்லை என்கிறார்கள் ஒரு சாரார். ஒரு படத்தை வைத்து ஊரையே அளக்காதீர்கள், அச்சுவேலைக்கு ஜிம்ப்போடு உட்கார்ந்து பாருங்கள் என்கிறார்கள் இன்னொரு சாரார். இரு சாராரும் தரத்தைப் பற்றியே சண்டை போடுவதுதான் வேடிக்கை. ஃப்ளோ வழக்கமான பதிப்புரிமையோடு திரைக்கு வந்த படம். கருவி கட்டற்றது, படைப்பு அப்படியில்லை. இதற்கு லாத்வியா வரை போகவும் வேண்டாம். கேரளத்தின் மலையின்கீழில் சி.வி. ராதாகிருஷ்ணனும் அவருடைய குழுவும் எழுதிப் பராமரித்த லாடெக் வகுப்புக் கோப்பைத்தான் எல்செவியர் இதழ்களுக்குக் கட்டுரை அனுப்பும் ஆய்வாளர்கள் உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். கோப்பு எல்லோருக்கும் பொது. அதில் கோத்த கட்டுரைகள் பலவற்றைப் படிக்கக் காசு கட்ட வேண்டும். எனவே விருதும் தரமும் ஒரு புறம் இருக்கட்டும். கேள்வி வேறு: கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்றுக்குப் படவுருவோ எழுத்துருவோ சுவரொட்டியோ அசைபடமோ செய்து தருகிற கலைஞர் கட்டற்ற கருவிகளை மட்டுமே பயன்படுத்த வேண்டுமா? இன்றைக்குச் செல்வாக்காக இருக்கும் பதில், வேண்டியதில்லை என்பது. கருவி கலைஞரின் சொந்த விஷயம், கைக்கு வரும் படைப்பு கட்டற்ற உரிமத்தில் இருந்தால் போதும் என்பார்கள். நியாயமாகவும் பெருந்தன்மையாகவும் ஒலிக்கும் இந்தப் பதில் தவறு என்பது என் கட்சி.

விட்டுக்கொடுக்க வேண்டியவற்றை முதலிலேயே விட்டுக்கொடுத்துவிடலாம். கூலிக்கு வேலை செய்கிறவர் முதலாளி வாங்கிவைத்த மென்பொருளில்தான் வேலை செய்ய முடியும். ஜிம்ப்பில் அச்சுக்கு வேண்டிய சிஎம்ஒய்கே வசதி இன்னும் முழுமையாக இல்லை. ஸ்கிரைபஸ் இந்திய எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கத் தொடங்கியதே 1.5 வரிசையில்தான். ஃபோட்டோஷாப்பில் பல ஆண்டு பழகிய கையை ஒரே மாதத்தில் மாற்றிக்கொள் என்பது இரக்கமில்லாத கோரிக்கை. குனு திட்டமே மூடிய யூனிக்ஸ் இயந்திரங்களில் அமர்ந்துதான் தொடங்கப்பட்டது. பிறர் வீட்டுக் கணினிக்குள் எட்டிப் பார்த்துத் தீட்டுச் சொல்லும் மடாதிபதிகள் மீது எனக்கும் பிரியம் கிடையாது. கலைஞர் பிழைப்புக்காக எதை வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும். கட்டற்ற திட்டத்துக்கு என்று அவர் தருகிற அந்தப் படைப்பைப் பற்றி மட்டுமே இங்கே வழக்கு.

இந்த வழக்கை விசாரிக்க, நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் பாறசாலையைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போக, நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றுவிட்டது. களியக்காவிளைக்கும் இஞ்சிவிளைக்கும் நடுவே ஓடுகிற கோடு பேச்சைப் பிரிக்கவில்லை. கேரளப் பக்கம் தமிழும் தமிழ்நாட்டுப் பக்கம் மலையாளமும் இன்றும் புழங்குகின்றன. ஆனால் பள்ளிக் கணினியை அந்தக் கோடு துல்லியமாகப் பிரித்துவிட்டது. மேற்கே, முன்பு ஐடி அட் ஸ்கூல் என்ற பெயரிலும் 2017 முதல் கைட் என்ற பெயரிலும் இயங்கும் அரசு அமைப்பு, உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட குனு/லினக்ஸைத்தான் பள்ளிகளில் நிறுவித் தருகிறது. பிள்ளைகள் வரைவது இங்க்ஸ்கேப்பிலும் ஜிம்ப்பிலும். 2018இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் மன்றங்களில் அசைபடம் செய்வதும் அப்படிப்பட்ட கருவிகளில்தான். கணினிப் பாடநூல் மலையாளம், ஆங்கிலத்தோடு தமிழிலும் கன்னடத்திலும் அச்சாகிறது. கிழக்கே, தமிழ்நாட்டில் 2019இல் வந்த புதிய பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூல் அடோபி பேஜ்மேக்கரைக் கற்பிக்கிறது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். 2004இல் அதன் வளர்ச்சியை அடோபி நிறுத்திவிட்டது. அந்தப் பாடநூலை முதலில் கையில் வாங்கிய மாணவர்களில் பெரும்பாலானோர் பிறக்கும் முன்பே கடைசிப் பதிப்பும் வந்து முடிந்த மென்பொருள் அது. அதற்கு யூனிகோடு தெரியாது. அதில் செய்த கோப்பை இன்டிசைன் சிஎஸ்6 வரை திறக்க முடிந்தது. பிறகு வந்த சந்தா பதிப்புகள் அந்த வசதியையும் எடுத்துவிட்டன. சொந்தக் கம்பெனியின் பழைய கோப்பையே சொந்தக் கம்பெனியின் புதிய கருவி திறக்காத உலகில், கருவி கலைஞரின் தனிப்பட்ட விஷயம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு சுவரொட்டியை எடுத்துக்கொள்வோம். தமிழ்த் தட்டச்சு மென்பொருள் ஒன்றைப் பள்ளிகளில் அறிமுகம் செய்வதற்காக இல்லஸ்ட்ரேட்டரில் வரைந்தது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டாயிற்று. போனால் போகட்டும் என்று இல்லஸ்ட்ரேட்டரின் ஏஐ கோப்பையும் கூடவே கொடுத்தாயிற்று. பாறசாலைப் பக்கத்துப் பள்ளியில் தமிழ்வழியில் படிக்கும் ஒருத்தி அதில் தன் ஊர்ப் பெயரையும் தேதியையும் மாற்ற நினைக்கிறாள். பள்ளிக் கணினிக் கூடத்தில் இருப்பது இங்க்ஸ்கேப். ஏஐ கோப்புக்குள் பொதிந்திருக்கும் பிடிஎஃப் பகுதியைத்தான் இங்க்ஸ்கேப் வெளியே எடுக்கும். எந்த உருவத்தை எந்த இடத்தில் அச்சிடுவது என்பதுதான் பிடிஎஃப்பின் கவலை. அந்த உருவங்கள் சேர்ந்து என்ன சொல் என்பது அதன் கவலை இல்லை. ஆங்கிலம் இதில் ஒருவாறு பிழைத்துக்கொள்ளும். தமிழில் கொம்பும் ஐகாரக் குறியும் மெய்க்கு முன்னால் நிற்பவை. அதனால் 'சாலை' என்று அடித்தது 'சாைல' என்று வந்து சேரும். 'பொது' என்பதில் கொம்பு ஒரு துண்டாகவும் கால் இன்னொரு துண்டாகவும் கிடக்கும். ஒரே வரியாக இருந்த வாசகம் பத்துத் துணுக்குகளாகச் சிதறும். அச்சகத்தில் எழுத்து மாறிவிடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கையில் கலைஞர் எழுத்துகளையெல்லாம் கோட்டுருவமாக மாற்றி வைத்திருந்தால் அதுவும் இல்லை, திருத்துவதற்குச் சொல்லே இருக்காது. ஃபோட்டோஷாப் கோப்பின் கதையும் இதற்கு அதிகம் குறைந்ததில்லை: ஜிம்ப்பும் கிருதாவும் திறக்கும், ஆனால் எழுத்து அடுக்குகள் பெரும்பாலும் வெறும் புள்ளிகளாகவே இறங்கும். மாற்றிப் பகிர உனக்கு உரிமை உண்டு என்று உரிமம் அவளிடம் சொல்கிறது. அவளோ ஊர்ப் பெயரில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாமல், வெள்ளைப் பெட்டி ஒன்றை மேலே ஒட்டி, அதன் மேல் புதிதாகத் தட்டச்சு செய்கிறாள். இந்த வெள்ளைப் பெட்டி ஒட்டிய சுவரொட்டிகளை நாம் எத்தனையோ பார்த்திருக்கிறோம். ரசனைக் குறைவு என்று சிரித்துவிட்டும் போயிருக்கிறோம்.

என் பழைய மனக்குறை இங்கேதான் இருக்கிறது. நிரல் எழுதுகிறவர் ஒருவர் இயங்கும் கோப்பை மட்டும் கொண்டுவந்து, மூலநிரலைக் காட்ட மாட்டேன், அது இன்ன கம்பெனியின் கருவியில்தான் திறக்கும் என்றால், எந்தக் கட்டற்ற திட்டமும் அவரை வாசலிலேயே நிறுத்தும். 1991இல் வந்த, ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, மாற்றம் செய்ய எந்த வடிவம் உகந்ததோ அதுவே மூலம் என்று வரையறுத்தது. இந்த வரையறையில் நிரலுக்கு மட்டும் என்று எதுவும் இல்லை. ஓவியத்துக்கும் எழுத்துருவுக்கும் அப்படியே பொருந்தும். ஆனால் கலைஞர் வந்து நின்றால் அளவுகோல் மாறிவிடுகிறது. ஒரு பிஎன்ஜி படத்தை வாங்கிக்கொண்டு, நன்றிப் பட்டியலில் பெயரைச் சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள். எழுத்துருக்களுக்கென்றே பரவலாகப் பயன்படும் எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமம் மூலக்கோப்பைக் கேட்பதே இல்லை. டிடிஎஃப் கோப்பு ஒன்று போதும் என்கிறது. இதைக் கலைஞருக்குக் காட்டும் சலுகை என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு இது அவமரியாதையாகத்தான் படுகிறது. நீ எந்தக் கருவியை வேண்டுமானாலும் வைத்துக்கொள் என்று சொல்வதற்குள், உன் வேலையை யாரும் படித்துத் தொடரப் போவதில்லை, அது மேல்பூச்சு, நாளைக்கு வேறொன்று வந்தால் இதைத் தூக்கிப் போட்டுவிடுவோம் என்ற கணிப்பு ஒளிந்திருக்கிறது. நிரலாளர் பரம்பரையில் சேர்கிறார், கலைஞர் காண்ட்ராக்டில் வந்து போகிறார். நெய்யாற்றின்கரைத் தாலுகாவிலேயே உள்ள பலராமபுரத்தில், பலராம வர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய சாலியர்கள் வளர்த்த நெசவை எண்ணிப் பாருங்கள். தேர்ந்த நெசவாளி கையில் ஒரு துணி கிடைத்தால் போதும், இழையை எண்ணி அடுத்த துணியை நெய்துவிடுவார். தட்டையாக்கிய பிஎன்ஜியில் எண்ணுவதற்கு இழை இல்லை. ஓவியம் துணியைவிட எளிதில் நகலெடுக்கக் கூடியது என்ற எண்ணம், மேல்பரப்பை நகலெடுப்பதற்கு மட்டுமே பொருந்தும்.

மூலத்தைத் திறந்து கொடுத்த இடங்களில் என்ன நடந்தது என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. சுவதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு 2016இல் வெளியிட்ட மஞ்சரி எழுத்துருவை சந்தோஷ் தோட்டிங்கல் இங்க்ஸ்கேப்பில் வரைந்தார். வளைவுகளை எஸ்விஜி கோப்பாகத் திறந்து, எங்கே தடித்து எங்கே மெலிகிறது என்று ஒரு பள்ளிப் பிள்ளை பார்க்கலாம், மாற்றியும் பார்க்கலாம். அதே குழு, ஹுசைன் கே.எச். வடிவமைத்த மீரா இனிமை என்ற தமிழ் எழுத்துருவையும் வெளியிட்டிருக்கிறது. மலையாளத்துக்காகக் கூடிய குழு அண்டை மொழிக்கு எழுத்துரு செய்து கொடுத்தது எல்லைப்புறத்துக்காரர்களுக்கு வியப்பாக இருக்காது. மற்ற தமிழர்களுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்க வேண்டும். ஜனயுகம் என்ற மலையாள நாளிதழ் 2019இல் பேஜ்மேக்கரைக் கைவிட்டு ஸ்கிரைபஸுக்கும் யூனிகோடுக்கும் மாறியது. தினமும் இரவு அச்சுக்குப் போயாக வேண்டிய பத்திரிகையே மாறியிருக்கிறது என்றால், மாதத்தில் ஒரு சுவரொட்டி செய்கிறவருக்கு அது கூடாத காரியம் என்பதை நம்பக் கடினம். பிரான்ஸில் டேவிட் ரெவுவா 2014 முதல் கிருதாவில் வரைந்துவரும் 'பெப்பர் அண்ட் கேரட்' சித்திரக்கதையைப் பாருங்கள். ஓவியத்தின் அடுக்குக் கோப்புகளைத் தருகிறார். பேச்சுக் குமிழிகளைத் தனி எஸ்விஜியாக வைக்கிறார். அதனால்தான் யாரிடமும் கேட்காமல், எவரும் தத்தம் மொழியில் குமிழிகளை நிரப்ப, கதை பல பத்து மொழிகளுக்குப் போயிற்று. உரிமம் மட்டும் கட்டற்றதாக இருந்து, கோப்பு பூட்டியதாக இருந்திருந்தால், மொழிபெயர்ப்பாளர்கள் எல்லோரும் அந்த வெள்ளைப் பெட்டியை ஒட்டிக்கொண்டிருப்பார்கள்.

எதிர்வாதங்களில் வலுவானது எழுத்துரு உலகிலிருந்து வருகிறது. கருவி எதுவானாலும் கோப்பின் வடிவம் வெளிப்படையாக இருந்தால் போதாதா என்பது அது. நோட்டோ தமிழ் உட்பட, கட்டற்ற உரிமத்தில் கிடைக்கும் தமிழ் எழுத்துருக்கள் பல, மேக் கணினியில் மட்டும் ஓடும் கிளிஃப்ஸ் என்ற விலைக்கு வாங்கும் செயலியில் உருவானவை. ஆனால் அதன் கோப்பு சாதாரண உரைக் கோப்பு. கட்டற்ற பைத்தான் நூலகம் ஒன்று அதைப் படித்து யூஎஃப்ஓ வடிவத்துக்கு மாற்றும். அதை ஃபாண்ட்ஃபோர்ஜில் திறக்கலாம். மூலமும் கிடைக்கிறது, வழியும் இருக்கிறது, பிறகென்ன என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. இங்க்ஸ்கேப்பில் வரைந்து வெறும் பிஎன்ஜியைக் கொடுப்பவரைவிட, கிளிஃப்ஸில் வரைந்து முழு மூலத்தையும் கொடுப்பவர் எவ்வளவோ மேல் என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த வழி எப்படி நிலைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கிளிஃப்ஸின் ஒவ்வொரு புதுப் பதிப்பின் பின்னாலும் ஓடி ஓடிச் செப்பனிட வேண்டிய சாலை அது. அதில் திரும்பி வருவதும் எளிதல்ல. பாறசாலையில் ஒருத்தி ஃபாண்ட்ஃபோர்ஜில் 'ஸ்ரீ'யின் சுழியைத் திருத்தி அனுப்பினால், அந்தத் திருத்தத்தை மூல வடிவமைப்பாளர் தன் மேக்கில் தன் கோப்பில் எடுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். சேர்ப்பதும் சேர்க்காததும் அவர் விருப்பம். பிறர் பார்க்கலாம், எடுத்துப் போகலாம், சமமாகச் சேர்ந்து உழைப்பது கடினம். இதை விதிவிலக்காக ஏற்கலாம். விதியாக்கினால், மேக் வாங்க முடிந்தவர் ஆசிரியர், மற்றவர் வாசகர் என்ற ஏற்பாட்டுக்குத்தான் கட்டற்ற உரிமம் என்ற முத்திரை குத்துகிறோம்.

இப்படிப்பட்ட இரவல் ஏற்பாடு எங்கே போய் முடியும் என்பதை லினக்ஸ் கரு உருவாக்கமே காட்டியிருக்கிறது. 2002இல் லினஸ் டோர்வால்ட்ஸ் நிரல்களைத் தொகுத்து நிர்வகிக்க பிட்கீப்பர் என்ற மூடிய கருவியை எடுத்தார். சிறந்த கருவி, இலவசமாகத் தருகிறார்கள், விளைவு எப்படியும் ஜிபிஎல்தானே என்று இன்று கலைஞர்களுக்குச் சொல்லும் அதே சமாதானத்தை அன்று நிரலாளர்களுக்கும் சொன்னார்கள். 2005இல் அந்தக் கம்பெனி இலவச அனுமதியைத் திரும்பப் பெற்றது. டோர்வால்ட்ஸ் உட்கார்ந்து கிட் எழுத வேண்டியதாயிற்று. நிரலாளர்கள் இந்தப் பாடத்தைத் தங்களுக்கு மட்டும் படித்துக்கொண்டு, ஓவியர்களிடம் இன்னும் 2002ஆம் ஆண்டிலேயே இருக்கச் சொல்கிறார்கள். யூனிக்ஸில் அமர்ந்து குனுவை எழுதியது இதற்கு முன்னுதாரணம் ஆகாதா என்றால், ஆகாது. அங்கே இரவல் கருவி தன்னைத் தானே தேவையற்றதாக்கும் வேலைக்குப் பயன்பட்டது. இல்லஸ்ட்ரேட்டரில் சுவரொட்டி வரைவதால் இங்க்ஸ்கேப் ஒரு அங்குலமும் வளர்வதில்லை. அதில் தமிழ் எழுத்துகளைக் கோப்பது எங்கே தடுக்குகிறது என்று சொல்ல வேண்டிய ஆள்தான் ஒருவர் குறைகிறார்.

நிபந்தனை போட்டால் நல்ல கலைஞர்கள் வர மாட்டார்கள் என்ற அச்சத்துக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. சிலர் வராமல் போகலாம். ஆனால் அந்த இழப்பின் பழியைக் கருவி மீது போடுவதற்கு முன், கலைஞருக்கு நாம் என்ன கொடுத்தோம் என்ற கணக்கையும் எடுக்க வேண்டும். பிளெண்டரை 2002இல் ஒரு லட்சம் யூரோ திரட்டித்தான் மீட்டார்கள். ஆஸ்கர் மேடை வரை அது போனது அதற்குப் பின்னும் விடாமல் பணம் போட்டதால்தான். கேரளப் பள்ளிகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள், ஒன்றுக்கு 1.5 லட்சம் ரூபாய் உரிமக் கட்டணம் என்று வைத்து 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கைட் தரப்பில் 2019இல் கணக்குச் சொன்னார்கள். கூடத்தில் இருக்கும் எல்லா மென்பொருளையும் விலை கொடுத்து வாங்கியிருப்போம் என்ற ஊகத்தில் போட்ட, கொஞ்சம் தாராளமான கணக்குதான். அதில் நூறில் ஒரு பங்கு உண்மை என்று கொண்டாலும் 30 கோடி. ஜிம்ப்பின் அச்சுக் குறையையும் இங்க்ஸ்கேப்பின் தமிழ்க் குறையையும் தீர்க்க நிரலாளர்களை அமர்த்தவும், மூலக்கோப்போடு வேலை செய்து தரும் ஓவியருக்கு மரியாதையான கூலி கொடுக்கவும் அது தாராளமாகப் போதும். கூலி கொடுத்துக் கேட்கும்போது நிபந்தனை உறுத்தாது. ஓசியில் வாங்குகிறவர்கள்தான் எதைக் கொடுத்தாலும் சரி என்று தலையாட்ட வேண்டியிருக்கிறது.

விளைவு மட்டும் போதும் என்பவர்களுக்கு இப்போது புதிய சிக்கல் ஒன்று வந்து நிற்கிறது. அதற்கு அவர்கள் என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவியில் இரண்டு வரி தட்டி எடுத்த முகப்புப் படத்தையும் பின்னணிப் படத்தையும் கட்டற்ற திட்டங்களுக்கு அனுப்புவது பெருகிவருகிறது. படம் பளபளப்பாக இருக்கிறது. அனுப்புகிறவர் எந்த உரிமத்தில் வேண்டுமானாலும் தரத் தயார். அடுக்கு இல்லை, கோடு இல்லை, எழுத்துகள் எழுத்துகளாக இல்லை. தமிழ் என்றால் பல நேரம் எழுத்தே எழுத்தாக இல்லை. இதை ஏற்கக் கூடாது என்று பல திட்டங்கள் உள்ளுணர்வால் தயங்குகின்றன. ஆனால் கருவி அவரவர் விஷயம், கைக்கு வரும் படம் கட்டற்றதாக இருந்தால் போதும் என்ற கொள்கையில் நின்றுகொண்டு இதை மறுக்க ஒரு காரணமும் சொல்ல முடியாது. மூலத்தைக் காட்டு, அடுத்தவர் அதைக் கூடத்துக் கணினியில் திறந்து வேலை செய்ய முடிகிறதா பார்ப்போம் என்று கேட்கும் திட்டத்துக்கு அந்தச் சங்கடமே இல்லை. கோப்பைத் திறந்து பார்ப்பார்கள், உள்ளே எதுவும் இருக்காது, திருப்பி அனுப்பிவிடுவார்கள்.